இரு ஒலி மூலங்களின் அழிவுக் குறுக்கீட்டு விளைவு

இரண்டு மூலங்களிலிருந்து புறப்படும் ஒலி அலைகள் ஓர் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்போது, அந்த இடத்தில் ஒலி குறைவதோ ஏறத்தாழ இல்லாமற்போவதோ அழிவுக் குறுக்கீட்டு விளைவு எனப்படும். இதற்கு எதிராக, அலைகள் பொருந்தி ஒலி கூடுவது ஆக்கக் குறுக்கீட்டு விளைவு ஆகும். ஒரே இரு மூலங்கள் ஓர் இடத்தில் ஒலியைக் கூட்டும்; சில அடி தள்ளிய மற்றோர் இடத்தில் ஒலியைக் குறைக்கும்.

இரண்டு விளக்குகளை ஏற்றினால் வெளிச்சம் கூடும், இரண்டு அடுப்புகளை மூட்டினால் வெப்பம் கூடும் என்பது அன்றாட அனுபவம். ஒலியோடு ஒலியைச் சேர்த்தால் அமைதி பிறக்கலாம் என்பது இந்த அனுபவத்துக்கு மாறாகத் தோன்றும். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் ஓர் இசைக்கவையைக் கொண்டே இதைச் சோதித்துப் பார்க்கலாம். விழாப் பந்தலின் ஒலிபெருக்கி, தம்புராவின் சுருதி, இரைச்சலை நீக்கும் காதணி, கடலுக்கடியில் ஒலி பரவும் விதம் ஆகிய அனைத்திலும் இவ்விளைவு செயல்படுகிறது.

ஒலி அலையும் மேற்பொருந்துதலும்

ஒலி காற்றில் நெட்டலையாகப் பரவுகிறது. ஒலிபெருக்கியின் தாள் முன்னால் வரும்போது அதன் முன்னுள்ள காற்று நெருக்கப்படுகிறது. அங்கே அழுத்தம் சற்றே கூடும். தாள் பின்னால் போகும்போது காற்று தளர்ந்து அழுத்தம் சற்றே குறையும். முன்னது நெருக்கம், பின்னது நெகிழ்வு. இவை மாறி மாறி முன்னேறுவதே ஒலி அலை. அடுத்தடுத்த இரு நெருக்கங்களுக்கு இடையே உள்ள தொலைவு அலைநீளம். ஒரு நொடியில் ஓர் இடத்தைக் கடக்கும் நெருக்கங்களின் எண்ணிக்கை அதிர்வெண்.

ஒலியின் திசைவேகம் = அதிர்வெண் × அலைநீளம்

காற்றில் ஒலியின் திசைவேகம் 0 பாகை செல்சியசில் நொடிக்கு ஏறத்தாழ 331 மீட்டர். வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் இது ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். எனவே 30 பாகை வெப்பமுள்ள தமிழகக் கடற்கரையில் ஒலியின் வேகத்தை நொடிக்கு 350 மீட்டர் என்று கொள்ளலாம். இக்கட்டுரையின் கணக்குகள் அனைத்தும் இந்த மதிப்பைக் கொண்டவை.

இரண்டு அலைகள் ஓர் இடத்துக்கு ஒரே நேரத்தில் வந்தால், அங்குள்ள அழுத்த மாற்றம் அவ்விரண்டு அலைகளும் தனித்தனியே தரும் மாற்றங்களின் கூட்டுத்தொகை ஆகும். இதுவே மேற்பொருந்துதல் தத்துவம். நெருக்கத்தை மிகை எண்ணாகவும் நெகிழ்வைக் குறை எண்ணாகவும் கொண்டால் இதைப் புரிந்துகொள்வது எளிது. நெருக்கமும் நெருக்கமும் சந்தித்தால் இருமடங்கு நெருக்கம். நெருக்கமும் அதே அளவு நெகிழ்வும் சந்தித்தால் விடை சுழி. அங்குள்ள காற்று அழுத்தம் மாறாமல் நிற்கும். அழுத்தம் மாறாத இடத்தில் செவிப்பறை அசையாது; ஒலியும் கேட்காது.

அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவை சந்தித்த இடத்தைக் கடந்தபின், எதுவும் நடவாததுபோலத் தத்தம் வழியில் செல்கின்றன. காற்றில்லாத காலை நேரத்தில் மரக்காணம் உப்பளப் பாத்தி ஒன்றில் அசையாமல் நிற்கும் நீரில், சிறிது இடைவெளி விட்டு இரண்டு விரல்களால் ஒரே தாளத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இதைக் கண்ணாலேயே காணலாம். இரண்டு வட்ட அலைகளும் ஒன்றையொன்று ஊடுருவிப் போகும். ஆனால் சில கோடுகளின் வழியே மட்டும் நீர் எப்போதும் அசையாமல் இருக்கும். ஒலியில் கண்ணுக்குத் தெரியாத இதே கோடுகள் காதுக்குத் தெரிகின்றன.

நிபந்தனை

இரு மூலங்களும் ஒரே கட்டத்தில் அதிர்வதாகக் கொள்வோம். அதாவது இரண்டும் ஒரே கணத்தில் நெருக்கத்தையும் ஒரே கணத்தில் நெகிழ்வையும் வெளியிடுகின்றன. கேட்பவர் இருக்கும் இடத்துக்கு ஒரு மூலத்திலிருந்து உள்ள தொலைவுக்கும் மற்றொன்றிலிருந்து உள்ள தொலைவுக்கும் இடையிலான வித்தியாசமே பாதை வேறுபாடு.

ஆக்கக் குறுக்கீடு: பாதை வேறுபாடு 0, 1, 2, 3 … அலைநீளங்கள்.

அழிவுக் குறுக்கீடு: பாதை வேறுபாடு ½, 1½, 2½ … அலைநீளங்கள்.

ஓர் அலை மற்றதைவிட அரை அலைநீளம் கூடுதலாகப் பயணம் செய்தால், ஒன்றின் நெருக்கம் வரும் நேரத்தில் மற்றதன் நெகிழ்வு வந்து சேரும். கட்ட வேறுபாடாகச் சொன்னால் இது 180 பாகை.

எடுத்துக்காட்டு: ஒரே ஆம்ப்ளிஃபையரில் இணைத்த இரண்டு ஒலிபெருக்கிகள் 3 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. ஒருவர் அவற்றுள் ஒன்றுக்கு நேர் எதிரே 4 மீட்டர் தொலைவில் நிற்கிறார். மற்றொரு ஒலிபெருக்கியிலிருந்து அவருக்குள்ள தொலைவு செங்கோண முக்கோண விதிப்படி 5 மீட்டர். எனவே பாதை வேறுபாடு 1 மீட்டர்.

இந்த 1 மீட்டர் அரை அலைநீளமாக இருக்க வேண்டுமானால் அலைநீளம் 2 மீட்டர்; அதிர்வெண் 350 ÷ 2 = 175 ஹெர்ட்ஸ். ஒன்றரை அலைநீளமாக இருந்தால் 525 ஹெர்ட்ஸ். இரண்டரையாக இருந்தால் 875 ஹெர்ட்ஸ். இந்த மூன்று சுரங்களும் அந்த இடத்தில் மங்கும். 350, 700, 1050 ஹெர்ட்ஸ் சுரங்கள் அதே இடத்தில் ஓங்கிக் கேட்கும். ஆகவே, ஓர் இடம் தன்னளவில் அமைதியான இடம் என்று சொல்ல முடியாது. எந்தச் சுரத்துக்கு அமைதியான இடம் என்றே சொல்ல வேண்டும்.

முழு அமைதி ஏன் கிடைப்பதில்லை

மேற்சொன்ன எடுத்துக்காட்டில் 175 ஹெர்ட்ஸ் சுரம் முற்றிலும் மறைந்துவிடாது. திறந்த வெளியில் ஒலி அலையின் வீச்சு தொலைவுக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 4 மீட்டரிலிருந்து வரும் அலையின் வீச்சை 5 பங்கு என்றால், 5 மீட்டரிலிருந்து வரும் அலையின் வீச்சு 4 பங்கு. எதிரெதிராகச் சந்தித்தால் 5 − 4 = 1 பங்கு மிஞ்சும். ஒரே கட்டத்தில் சந்தித்தால் 5 + 4 = 9 பங்கு.

செறிவு வீச்சின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், ஓங்கிக் கேட்கும் சுரத்துக்கும் மங்கிய சுரத்துக்கும் இடையிலான செறிவு விகிதம் 81 : 1. இது ஏறத்தாழ 19 டெசிபல் வித்தியாசம். அருகிலுள்ள ஒலிபெருக்கி மட்டும் தனியே ஒலித்தால் கேட்பதைவிட, இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது 175 ஹெர்ட்ஸ் சுரம் 14 டெசிபல் குறைவாகக் கேட்கும். மூலங்கள் இரண்டானபின் ஒலி குறைகிறது என்பதே இங்குள்ள வியப்பு.

முழு அமைதிக்கு இரண்டு நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேற வேண்டும்: கட்டங்கள் நேர் எதிராக இருக்க வேண்டும், வீச்சுகள் சமமாக இருக்க வேண்டும். நடைமுறையில் தரை, சுவர், கூரை ஆகியவற்றிலிருந்து திரும்பி வரும் அலைகளும் வந்து கலந்துவிடுகின்றன.

ஓரியல் மூலங்கள்

இருவர் ஒரே நேரத்தில் பேசினால் ஏன் எந்த இடத்திலும் அமைதி உண்டாவதில்லை? இருவரின் குரலிலும் அதிர்வெண்கள் வேறு. அவை நொடிக்கு நொடி மாறுகின்றன. ஒருவர் குரலின் கட்டத்துக்கும் மற்றவர் குரலின் கட்டத்துக்கும் நிலையான தொடர்பு இல்லை. ஓரிடத்தில் ஒரு கணம் அழிவு நிகழ்ந்தாலும் அடுத்த கணமே அது ஆக்கமாக மாறிவிடும். இந்த மாற்றங்களைக் காது தனித்தனியே உணராது, சராசரியையே உணரும்.

நிலையான குறுக்கீடு கிடைக்க, இரு மூலங்களுக்கும் ஒரே அதிர்வெண்ணும் மாறாத கட்ட வேறுபாடும் இருக்க வேண்டும். இத்தகையவை ஓரியல் மூலங்கள் எனப்படும். ஒரே ஆம்ப்ளிஃபையரால் இயங்கும் இரண்டு ஒலிபெருக்கிகள், ஒரே இசைக்கவையின் இரு புயங்கள், ஒரு மூலமும் சுவரில் எதிரொலித்த அதன் பிம்பமும் ஓரியல் மூலங்களுக்கு எடுத்துக்காட்டுகள்.

எண்களில் சொன்னால், தனித்தனியே 60 டெசிபல் தரும் ஓரியல் அல்லாத இரு மூலங்கள் சேர்ந்து 63 டெசிபல் தரும். அவையே ஓரியல் மூலங்களாக இருந்தால், ஆக்கக் குறுக்கீடு நிகழும் இடத்தில் 66 டெசிபலும், அழிவுக் குறுக்கீடு நிகழும் இடத்தில் மிகக் குறைந்த ஒலியும் கிடைக்கும். கோயில் திருவிழாவில் எதிரெதிரே இரண்டு பந்தல்களில் வெவ்வேறு பாட்டுகள் ஒலித்தால் எங்கும் அமைதி பிறக்காமல், இரைச்சல் மட்டுமே கூடுவதற்குக் காரணம் இதுவே.

இசைக்கவையில் நான்கு அமைதித் திசைகள்

இசைக்கவையை இரப்பர்க் கட்டையில் தட்டி, காதருகே நிமிர்த்திப் பிடித்து, காம்பை அச்சாகக் கொண்டு மெல்லச் சுழற்றினால் ஒலி கூடியும் குறைந்தும் கேட்கும். ஒரு முழுச் சுற்றில் நான்கு முறை ஒலி ஓங்கும். நான்கு முறை ஏறத்தாழ மறையும்.

இசைக்கவையின் இரு புயங்களும் ஒரே நேரத்தில் விலகி, ஒரே நேரத்தில் நெருங்குகின்றன. அவை விலகும்போது புயங்களின் வெளிப்பக்கத்தில் காற்று நெருக்கப்படுகிறது. அதே கணத்தில் புயங்களுக்கு நடுவே இடம் விரிவதால் அங்கே நெகிழ்வு உண்டாகிறது. வெளிப்பக்கத்திலிருந்து வரும் நெருக்கமும் இடைவெளியிலிருந்து வரும் நெகிழ்வும் நான்கு மூலைத் திசைகளில் சந்தித்து ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன.

இதை உறுதிசெய்ய ஓர் எளிய சோதனை உண்டு. அமைதியான திசையில் காது இருக்கும்படி இசைக்கவையை நிறுத்திக்கொண்டு, தாளைச் சுருட்டிய குழல் ஒன்றை ஒரு புயத்தின்மேல், அதில் படாதவாறு செருக வேண்டும். ஒரு புயத்தின் ஒலி மறைக்கப்பட்டதும் ஒலி மீண்டும் கேட்கத் தொடங்கும். மறைத்தால் ஒலி குறைய வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, மறைத்ததால் ஒலி கூடுகிறது. அமைதிக்குக் காரணம் ஒலி இல்லாமை அன்று, இரண்டு ஒலிகள் இருந்தமையே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கடற்கரை மணலில் ஒரு செய்முறை

வகுப்பறையில் இரண்டு ஒலிபெருக்கிகளை வைத்து இச்சோதனையைச் செய்தால் முடிவு தெளிவாகக் கிடைப்பதில்லை. நான்கு சுவர்களும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்பி, இரண்டு மூலங்களைப் பல மூலங்களாக்கிவிடுகின்றன. திறந்த மணல்வெளியில் இந்தத் தொல்லை குறைவு. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த பொம்மையார்பாளையம் போன்ற கடலோர ஊர்களின் மாணவர்களுக்கு இந்த வசதி வாசலிலேயே இருக்கிறது. காற்று வலுக்காத காலை நேரம் ஏற்றது. பலத்த காற்று ஒலியின் பாதையை வளைத்து, அமைதிப் புள்ளிகளை அலைக்கழிக்கும்.

தேவையானவை: ஒரு கைபேசி, அதில் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும் செயலி, ஒரே ஆம்ப்ளிஃபையரில் கம்பியால் இணைத்த ஒரே மாதிரியான இரண்டு சிறிய ஒலிபெருக்கிகள், அளவுநாடா, கயிறு. புளூடூத் ஒலிபெருக்கிகளில் ஒலி தாமதமாக வரும். அந்தத் தாமதம் இரண்டிலும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே கம்பி இணைப்பே வேண்டும்.

1. ஒலிபெருக்கிகளை 2 மீட்டர் இடைவெளியில், ஒரே திசையை நோக்கி, காது உயரத்தில் வைக்க வேண்டும்.

2. அவற்றுக்கு 10 மீட்டர் முன்னால், அவற்றை இணைக்கும் கோட்டுக்கு இணையாக மணலில் கயிற்றை நீட்ட வேண்டும். இரு ஒலிபெருக்கிகளிலிருந்தும் சம தொலைவில் உள்ள நடுப்புள்ளியைக் கயிற்றில் குறிக்க வேண்டும்.

3. 700 ஹெர்ட்ஸ் ஒலியை மிதமான அளவில் எழுப்ப வேண்டும். அதன் அலைநீளம் 0.5 மீட்டர்.

4. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கயிற்றின் வழியே மெல்ல நடக்க வேண்டும். இரண்டு காதுகளும் வெவ்வேறு இடங்களில் இருப்பதால், இரண்டையும் திறந்து வைத்தால் முடிவு குழம்பும்.

அடுத்தடுத்த இரு உரத்த புள்ளிகளுக்கு இடையிலான தொலைவு ஏறத்தாழ அலைநீளம் × கயிற்றின் தொலைவு ÷ மூலங்களின் இடைவெளி, அதாவது 0.5 × 10 ÷ 2 = 2.5 மீட்டர். நடுப்புள்ளியில் ஒலி உரத்திருக்கும். அங்கிருந்து இருபுறமும் 1.25 மீட்டரில் மங்கும், 2.5 மீட்டரில் மீண்டும் உரக்கும். மங்கிய புள்ளியில் ஒருவரை நிறுத்தி, ஓர் ஒலிபெருக்கியின் கம்பியைக் கழற்றினால் அவருக்கு ஒலி கூடிக் கேட்கும்.

அளந்த தொலைவைக் கொண்டு சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் அலைநீளம் கிடைக்கும். அதை அதிர்வெண்ணால் பெருக்கினால் அன்றைய காற்றில் ஒலியின் திசைவேகம் கிடைக்கும். நீளம் அளக்கும் நாடா ஒன்றாலேயே ஒலியின் வேகத்தை அளக்கலாம் என்பது இச்செய்முறையின் பயன்.

மறைந்த ஆற்றல் எங்கே போகிறது

ஆற்றல் அழியாது என்பது விதி. அழிவுக் குறுக்கீட்டில் ஒலி ஆற்றல் அழிந்துவிடுகிறதா என்ற ஐயம் மாணவர்களுக்கு எழுவது இயல்பு. பெயரில் உள்ள ‘அழிவு’ என்ற சொல்லே இந்த ஐயத்துக்கு ஒரு காரணம்.

ஒரு மூலம் மட்டும் இருக்கும்போது செறிவு 1 எனக் கொள்வோம். சம வலிமையுள்ள இரு மூலங்கள் இருக்கும்போது, ஆக்கப் புள்ளியில் வீச்சு இருமடங்காகும். செறிவு 4 ஆகும். அழிவுப் புள்ளியில் செறிவு 0. இரண்டின் சராசரி 2. இரு மூலங்கள் தர வேண்டிய ஆற்றலும் 2 தான். மங்கிய இடங்களில் குறைந்தது உரத்த இடங்களில் சேர்ந்திருக்கிறது. ஆற்றல் இடம் மாறியதே அன்றி, அழியவில்லை.

மூலங்கள் அலைநீளத்தைவிட மிக நெருக்கமாக அமைந்து, எதிர்க்கட்டத்தில் அதிர்ந்தால் நிலைமை வேறு. அப்போது எல்லாத் திசைகளிலும் ஒலி குறையும். ஒரு மூலம் தள்ளும் காற்றை மற்றது இழுத்துக்கொள்வதால், இரண்டும் காற்றுக்குள் ஆற்றலைச் செலுத்த முடியாமற்போகிறது. இங்கும் ஆற்றல் அழியவில்லை, முதலிலேயே வெளிவரவில்லை.

விம்மல்: நேரத்தில் நிகழும் குறுக்கீடு

இரு மூலங்களின் அதிர்வெண்கள் சற்றே வேறுபட்டால் அமைதிப் புள்ளிகள் ஓரிடத்தில் நிற்காமல் நகரும். ஓரிடத்தில் நிற்பவருக்கு ஒலி எழுந்தும் தாழ்ந்தும் கேட்கும். இதுவே விம்மல். 256 ஹெர்ட்ஸ், 260 ஹெர்ட்ஸ் இசைக்கவைகளைச் சேர்த்து ஒலித்தால் நொடிக்கு நான்கு விம்மல்கள் கேட்கும். ஒவ்வொரு விம்மலிலும் ஒலி தாழும் கணம் ஓர் அழிவுக் குறுக்கீடு.

தம்புராவின் நான்கு கம்பிகளில் நடுவில் உள்ள இரண்டும் ஒரே சட்ஜத்துக்குச் சேர்க்கப்படுகின்றன. அவை சற்றே பிசகியிருந்தால் சுருதி ஆடும். அந்த ஆட்டம் விம்மலே. ஆட்டம் மெதுவாகி நின்றுபோகும் வரை கம்பியை முறுக்குவதையும் தளர்த்துவதையுமே சுருதி சேர்த்தல் என்கிறோம். நொடிக்கு ஒரு விம்மல் கேட்டால் பிசகு ஒரு ஹெர்ட்ஸ்தான். இவ்வளவு சிறிய வேறுபாட்டைக் கருவியின்றிக் காதே பிடித்துவிடுவது இவ்விளைவின் துணையால்தான்.

எதிரொலிப்பும் இரண்டாவது மூலமாகும்

ஒலி ஒரு சுவரில் பட்டுத் திரும்பும்போது, சுவருக்குப் பின்னால் இன்னொரு மூலம் இருப்பதுபோன்ற விளைவு உண்டாகிறது. ஒரே மூலத்தைக் கொண்டே குறுக்கீட்டைக் காண இது வழி செய்கிறது. வழுவழுப்பான சுவர் ஒன்றை நோக்கி, இரண்டு மூன்று மீட்டர் தொலைவிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் ஒலியைச் செலுத்தினால், அலைநீளம் 35 சென்டிமீட்டர். காதைச் சுவரிலிருந்து மெல்ல விலக்கிக்கொண்டே வந்தால் ஏறத்தாழ 9 சென்டிமீட்டரில் முதல் மங்கல் தெரியும். அதன்பின் ஒவ்வொரு 17.5 சென்டிமீட்டருக்கும் ஒரு மங்கல் வரும். இதுவே நிலை அலை.

கடலுக்கடியில் இதே விளைவு வேறு வடிவில் நிகழ்கிறது. நீருக்குள் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர். நீருக்குள்ளிருந்து மேற்பரப்பை நோக்கிச் செல்லும் ஒலி அங்கிருந்து தலைகீழாகத் திரும்புகிறது. நெருக்கமாகச் சென்றது நெகிழ்வாக வருகிறது. ஃபைபர் படகின் எஞ்சின் விசிறி நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே 100 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்புவதாகக் கொள்வோம். நீரில் அதன் அலைநீளம் 15 மீட்டர். 100 மீட்டர் தள்ளி, ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் நீரடி ஒலிவாங்கிக்கு நேராக வரும் அலைக்கும் மேற்பரப்பில் பட்டு வரும் அலைக்கும் பாதை வேறுபாடு இரண்டு சென்டிமீட்டர்தான். பாதைகள் ஏறத்தாழச் சமம், கட்டங்கள் எதிர். எனவே அங்கே அந்த ஒலி மிகவும் மங்கிவிடும். ஆழத்தில் உள்ள ஒலிவாங்கிக்கு அதே ஒலி நன்றாகக் கேட்கும். இது லாயிட் ஆடி விளைவு எனப்படும். ஒளியில் இத்தகைய குறுக்கீட்டை 1834-இல் விளக்கிய அயர்லாந்து இயற்பியலாளர் ஹம்ப்ரி லாயிடின் பெயரால் இது வழங்குகிறது.

ஒலிபெருக்கி அமைப்பில் கவனிக்க வேண்டியவை

ஒலிபெருக்கியின் இரு முனைகளும் சிவப்பு, கறுப்பு நிறங்களால் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டு ஒலிபெருக்கிகளில் ஒன்றில் மட்டும் இம்முனைகள் மாறிவிட்டால், ஒன்றின் தாள் முன்னால் வரும்போது மற்றதன் தாள் பின்னால் போகும். அப்போது ஆக்கப் புள்ளிகளும் அழிவுப் புள்ளிகளும் இடம் மாறிக்கொள்ளும். பாதை வேறுபாடு சுழியாக உள்ள நடுவரிசையே அழிவுக் கோடாகிவிடும்.

தாழ்ந்த சுரங்களே இதில் அதிகம் பாதிக்கப்படும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 மீட்டர். சிறிய பந்தலுக்குள் எங்கே அமர்ந்தாலும் பாதை வேறுபாடு அதைவிடச் சிறியதாகவே இருக்கும். எனவே தவிலின் கனத்த ஒலி பந்தல் முழுவதும் மெலிந்துபோகும். ஆம்ப்ளிஃபையரின் ஒலியைக் கூட்டினாலும் குறை தீராது. முனையைச் சரிசெய்தால் தீரும்.

கடலோர ஊர்களுக்கு இதில் ஓர் உயிர்ப் பயனும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், எச்சரிக்கை ஒலி ஊரின் எல்லா மூலைகளுக்கும் எட்ட வேண்டியதன் தேவையை இக்கரை நன்கறியும். இரண்டு கம்பங்களிலிருந்து ஒரே அதிர்வெண்ணுள்ள நீண்ட ஒலியை எழுப்பினால், இரண்டும் ஒத்த வலிமையுடன் வந்து சேரும் பகுதியில் சில இடங்கள் அமைதிப் புள்ளிகளாகிவிடலாம். ஏறி இறங்கும் சங்கொலியில் இந்தக் குறை இல்லை. மேலே கண்ட எடுத்துக்காட்டில் 525 ஹெர்ட்ஸ் மங்கிய அதே இடத்தில் 700 ஹெர்ட்ஸ் ஓங்கிக் கேட்டது. அதிர்வெண் ஏறி இறங்கும்போது அமைதிப் புள்ளிகளும் நகர்ந்துகொண்டே இருக்கும். எந்த வீடும் தொடர்ந்து அமைதியில் அகப்படாது.

இரைச்சலை இரைச்சலால் நீக்குதல்

ஒரே ஒலியை இரண்டு குழாய்களில் பிரித்து அனுப்பி, மறுமுனையில் சேர்த்து, பாதை வேறுபாட்டால் அதை மங்கச் செய்யும் கருவியை ஜெர்மன் இயற்பியலாளர் கியோர்க் குவின்கே 1866-இல் செய்து காட்டினார். இக்கருத்தை ஜான் ஹெர்ஷல் 1833-இலேயே முன்வைத்திருந்தார். குவின்கே குழாயில் ஒரு கிளையைக் கால் அலைநீளம் வெளியே இழுத்தால், போகவும் வரவுமாகப் பாதை அரை அலைநீளம் கூடி, ஒலி மறையும்.

மின்னணு முறையில் எதிர் ஒலியை உண்டாக்கி இரைச்சலைக் குறைக்கும் கருத்துக்கு ஜெர்மனியின் பால் லூயெக் 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அன்றைய மின்சுற்றுகள் அதற்குப் போதவில்லை. வங்காளத்திலிருந்து குடியேறிய தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ், 1978-இல் விமானப் பயணம் ஒன்றில் எஞ்சின் இரைச்சலால் இசை கேட்க முடியாமற்போனதை அடுத்து இதில் இறங்கினார். அவர் நிறுவனத்தின் விமானிகளுக்கான காதணி 1989-இல் விற்பனைக்கு வந்தது. காதணியில் உள்ள சிறு ஒலிவாங்கி வெளி இரைச்சலைக் கேட்கிறது; மின்சுற்று அதற்கு நேர் எதிர்க்கட்டத்தில் ஓர் ஒலியைக் காதுக்குள் எழுப்புகிறது.

இதன் வெற்றி மிகத் துல்லியமான நேரக் கணக்கைப் பொறுத்தது. சம வீச்சுள்ள எதிர் ஒலியின் கட்டம் 60 பாகை பிசகினால் மிஞ்சும் ஒலி பழைய இரைச்சலுக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் பிசகினால் இரைச்சல் முன்னிலும் கூடும். 60 பாகை என்பது அலைநீளத்தில் ஆறில் ஒரு பங்கு. 100 ஹெர்ட்ஸ் எஞ்சின் ஒலிக்கு இது ஏறத்தாழ 58 சென்டிமீட்டர். காதணிக்குள் இருக்கும் இடமோ சில சென்டிமீட்டர். ஆகவே தாழ்ந்த ஒலிகளை நீக்குவது எளிது. உயர்ந்த அதிர்வெண்களைக் காதணியின் மெத்தையே தடுக்கிறது.

திருவிழா இரைச்சலை இவ்வாறு அடக்க முடியுமா?

தேர்வுக்குப் படிக்கும் மாணவர் ஒருவர், தெருமுனைக் கூம்பு ஒலிபெருக்கிக்கு எதிராக வீட்டு மாடியில் இன்னோர் ஒலிபெருக்கியை வைத்து அமைதி பெற முடியாது. 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஆறில் ஒரு பங்கு அலைநீளம் 6 சென்டிமீட்டருக்கும் குறைவு. பாதை வேறுபாடு அவ்வளவு பிசகினாலே பயன் போய்விடும். தலையைத் திருப்பினாலே பிசகிவிடும். ஓரிடத்தில் குறைந்த ஒலி அடுத்த வீட்டில் கூடும். ஆற்றல் இடம் மாறுமே தவிர மறையாது என்ற விதி இங்கே அண்டை வீட்டாரின் காதில் வந்து நிற்கும்.

ஆகவே திறந்தவெளி இரைச்சலுக்கு மருந்து, பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைப்பதுதான். இந்தியாவின் ஒலி மாசு (ஒழுங்குபடுத்துதல், கட்டுப்படுத்துதல்) விதிகள், 2000, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வகுத்துள்ளன. இங்கு இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. திறந்த வெளியில் அந்நேரத்தில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. விழாக்களுக்கு ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்கள் மட்டும் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிய 100 மீட்டர் பரப்பை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம்.

பயிற்சி வினாக்கள்

1. 3 மீட்டர் இடைவெளியுள்ள இரு ஒலிபெருக்கிகளில் ஒன்றுக்கு நேர் எதிரே 4 மீட்டரில் நிற்பவருக்கு 1050 ஹெர்ட்ஸ் ஒலி எவ்வாறு கேட்கும்?
விடை: அலைநீளம் ⅓ மீட்டர், பாதை வேறுபாடு 3 அலைநீளங்கள், உரக்கக் கேட்கும்.

2. அதே அமைப்பில் ஓர் ஒலிபெருக்கியின் முனைகளை மாற்றிவிட்டால் 350 ஹெர்ட்ஸ் ஒலி எவ்வாறு கேட்கும்?
விடை: பாதை வேறுபாடு ஓர் அலைநீளம், முனை மாற்றத்தால் 180 பாகை சேர்வதால் மங்கிக் கேட்கும்.

3. 256, 254 ஹெர்ட்ஸ் இசைக்கவைகள் சேர்ந்து ஒலிக்கும்போது அடுத்தடுத்த இரு தாழ்வுகளுக்கு இடையே எவ்வளவு நேரம்?
விடை: நொடிக்கு இரண்டு விம்மல்கள், ஆகவே அரை நொடி.

4. அமைதியான திசையில் பிடித்த இசைக்கவையின் ஒரு புயத்தை மறைத்தால் ஒலி கூடுவது ஏன்?
விடை: அங்கே இரண்டு அலைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டிருந்தன. ஒன்று தடுக்கப்பட்டதும் மற்றதை ஈடுசெய்ய எதுவும் இல்லை.